சம்பந்தியம்மாவும் நீராவிப் பம்பும்

அன்றைக்கு வேனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டியவர் மாப்பிள்ளை சக்திவேல். அதியமான்கோட்டையில் ரோட்டோரம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார்.

அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவருக்கு வழி தெரியாது. ஆனாலும் வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

பின் சீட்டில் சன்னலோரம் என் மகள் கவிதா. ஏழு மாதம். முகத்தில் காற்று அடித்தால்தான் குமட்டல் அடங்கும் என்பாள்.

அவளை ஒட்டிச் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையின் அம்மா. பெயர் பழனியம்மாள்.

அந்தப் பக்கக் கதவோரம் நான்.

அதாவது எனக்கும் என் மகளுக்கும் நடுவில் சம்பந்தியம்மா. அவர் மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். நீல மூடி.

நான்தான் முதலில் ஏறியிருக்க வேண்டும். செருப்பில் சேறு ஒட்டியிருந்தது. தட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் ஏறிவிட்டார்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைச் சம்பந்தியம்மா வாரம் தவறாமல் படிக்கிறார். போன வாரம் எங்கள் சினை மாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் போன் செய்தார்.

“மாட்டப் பத்தியே இவ்ளோ எழுதறீங்களே சம்பந்தி. என்னைப் பத்தி எப்பங்க எழுதுவீங்க?”

“எழுதறேங்க.”

“நல்லா எழுதுங்க.”

உள்ளதை எழுதுகிறேன்.

எங்கே போனோம்

மொரப்பூரைத் தாண்டி ஆற்றோரத்தில் ஒரு பழைய நீராவிப் பம்பு வீடு இருக்கிறது. கரி வண்டி ஓடிய காலத்தில் ரயில் எஞ்சினுக்கும் சுற்றியிருந்த ஊர்களுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் ஏற்றினார்களாம். ரொம்பக் காலம் பூட்டிக் கிடந்தது. இப்போது சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பாய்லருக்குத் தீ போட்டு ஓட்டியே காட்டுகிறார்கள்.

மாப்பிள்ளைக்குப் பம்பு என்றால் சோறு வேண்டாம்.

“கரண்டு கெடையாது, டீசல் கெடையாது. வெறும் ஆவியிலயே தண்ணி ஏத்தியிருக்கான் அத்தை. போய்ப் பாக்க வேணாமா?”

ஆவியை நான் தினமும் இட்லிச் சட்டியில் பார்க்கிறேன். சொல்லவில்லை.

“ஏழு மாசத்துக்காரிய வண்டியில வெச்சிக்கிட்டு…” என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

“மெதுவாத்தான் ஓட்டுவேன் மாமா. அவளுக்கும் அந்த நாலு செவத்தையே பாத்துப் பாத்துச் சலிச்சிப் போச்சு.”

நான் கிளம்பியது பம்பைப் பார்க்க இல்லை.

அடுத்த வாரம் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதில் பேச ஒன்றும் இல்லை. எனக்கு என் அம்மா செய்தாள். பச்சை உடம்புக்கு வெந்நீர் ஊற்றினாள். பூண்டும் கருவாடும் வைத்துக் கொடுத்தாள். ராத்திரி பிள்ளை அழுதால் எனக்கு முன்னால் அவள் எழுந்தாள். அதை நான் கவிதாவுக்குச் செய்ய வேண்டும். ஒரே மகள். ஒரு முறைதான் வரும் அந்த வாய்ப்பு.

அதற்குள் சம்பந்தியம்மா போனில் ஒரு வார்த்தை விட்டார்.

“அங்க தண்ணிக்குச் செரமமுங்களே. புள்ள இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க.”

வந்து பார்த்துவிட்டுப் போவது. பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிற சொந்தக்காரர்கள் செய்வது அது.

போனில் எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு எப்போதும் போனில் பதில் வராது. நேரில் சொல்லிவிடலாம் என்று வேனில் ஏறினேன். என்ன சொல்வது என்று நாலைந்து வரி மனசில் கட்டியும் வைத்திருந்தேன்.

குழாயைப் பார்த்த கதை

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். கடை எப்படி, பழக்க வழக்கம் எப்படி என்று கேட்டார்கள். நான் கை கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போனேன்.

குழாயைத் திறந்தேன். வந்தது. விட்டுப் பார்த்தேன். வந்துகொண்டே இருந்தது. கையில் ஏந்திக் குடித்தேன். உப்பு இல்லை. மூடினேன். திரும்பத் திறந்தேன். அப்போதும் வந்தது.

ஏரிக்குக் கீழே இருக்கிற வீடு. கிணறும் உண்டு. போரும் உண்டு. மாடியில் கறுப்புத் தொட்டி. சமையல் கட்டில் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், வாசலில் செடிக்கு ஒரு குழாய். செடிக்குத் தனியாகக் குழாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார்.

“பையன் எப்படி?”

“நல்ல தண்ணி” என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. அந்த மாதமே உறுதி செய்தோம்.

என் மகள் குடம் தூக்கக் கூடாது என்றுதான் கொடுத்தேன். கொடுத்த பிறகு, ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தக் குழாயைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிந்தது. கவிதா அரிசி கழுவுவாள். குழாய் பாட்டுக்குத் திறந்து கிடக்கும்.

“மூடுடி” என்பேன்.

“விடுங்க சம்பந்தி, தண்ணிதானே” என்பார் சம்பந்தியம்மா.

தண்ணிதானே. அந்த வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். நிலத்துத் தண்ணீரில் இருக்கிற ஏதோ ஒன்று. கவிதாவுக்கும் விழுந்தது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் போயிருந்தேன். சம்பந்தியம்மா பக்கத்து வீட்டுக்காரி போல நடந்து காட்டினார். கவிதா சிரித்தாள். வாயைத் திறந்து சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் வர ரொம்ப நேரம் இருந்தது.

எங்கள் குழாய்

எங்கள் ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். நாங்களும் போர் போட்டோம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். கொல்லை பூராவும் நடந்தார். சமையல் கட்டுக்குப் பின்னால் தேங்காய் எழுந்து நின்றது. நானே பார்த்தேன். கற்பூரம் காட்டிப் போர் வண்டியை விட்டோம். ராத்திரியும் பகலும் ஓட்டினார்கள். புகை வந்தது. மண் புகை. வீடு, மாடு, துணி எல்லாம் வெள்ளையாகப் போனது. தண்ணீர் வரவில்லை.

அதே ஆள்தான் சம்பந்தியம்மா வீட்டுக்கும் பார்த்தாராம். அங்கே பீய்ச்சி அடித்ததாம். தேங்காயும் ஆள் பார்த்துத்தான் எழுந்திருக்கிறது.

ஆகையால் எங்களுக்குத் தெருக்குழாய்தான். நாலைந்து நாளைக்கு ஒரு முறை காவிரித் தண்ணீர் வரும். சமயத்தில் அதுவும் தள்ளிப் போகும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும். உஸ்ஸென்று. பிறகு இருமும். பிறகு கொஞ்சம் துருத் தண்ணீர். அப்புறம்தான் நல்ல தண்ணீர். காற்று வந்து இருமுவதற்குள் குடத்தோடு குழாயடியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் கடைசி. கடைசியில் நிற்கிறவளுக்கு மறுபடியும் காற்றுதான்.

அந்தச் சத்தம் உடம்பில் ஏறிவிட்டது. கவிதா கல்யாணத்தில், முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண்டபத்தில் யாரோ கலர் பாட்டிலைத் திறந்தார்கள். என் தலை தானாகத் திரும்பியது. இன்னும் சில பெண்களின் தலையும் திரும்பியது. பார்த்தேன். எல்லாரும் எங்கள் தெரு.

மியூசியத்துக்குள்ளே

செங்கல் கட்டடம். ஒசந்த புகைபோக்கி. உள்ளே போனதும் எண்ணெய் வாடை. மாப்பிள்ளை கடையில் அடிக்கிற வாடைதான். இங்கே சூடாக அடித்தது.

நடுவில் ஒரு பெரிய சக்கரம். பாதி தரைக்கு மேலே, பாதி பள்ளத்துக்குள்ளே. மேலே இருந்த பாதியே என் வீட்டுக்காரரைப் போல இரண்டு மடங்கு. பித்தளையைத் தேய்த்துத் தேய்த்துக் கோயில் விளக்கு மாதிரி வைத்திருந்தார்கள். விளக்கம் சொல்ல ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் அட்டை, கையில் சின்ன மைக்கு.

பாய்லரில் தண்ணீர் கொதிக்கும். ஆவி வந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றும். அது கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கும். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் தினம் எத்தனையோ லட்சம் கேலன் ஏற்றினார்கள் என்றும் சொன்னாள்.

“எத்தன கொடம் வரும்மா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். “அப்படி யாரும் கேட்டதில்லைங்கம்மா. கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்.”

“நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்” என்றார் சம்பந்தியம்மா.

அப்போது அதை நான் கவனிக்கவில்லை. நான் கேட்டதை அவரும் கேட்கிறாரே என்றுதான் இருந்தது.

மாப்பிள்ளை ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பின்னால் கை கட்டிக்கொண்டு கூடவே போனார்.

“இதுக்குக் காயில் கட்ட எத்தன நாளாகும் மாப்ள?”

“இதுல காயிலே இல்லீங்க மாமா.”

“அப்ப அந்தக் காலத்துல பொறந்திருந்தா உங்களுக்குப் பொழப்பில்ல.”

பாய்லர் பக்கம் வெக்கை. கவிதாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. நான் கூடையிலிருந்து பிளாஸ்கை எடுத்தேன். காவிரித் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி, சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொண்டு வந்திருந்தேன். நான் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே அவள் கையை நீட்டினாள்.

“அத்தை, தண்ணி.”

நீல மூடி திறந்தது. மடக் மடக்கென்று குடித்தாள். கழுத்தில் வழிந்ததைச் சம்பந்தியம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

என் பிளாஸ்கை வீட்டுக்காரர் வாங்கிக் குடித்தார்.

“சுடுதே” என்றார்.

மேலே போய்ப் பார்க்க இரும்புப் படி இருந்தது. கவிதாவால் ஏற முடியாது.

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சம்பந்தி. நான் புள்ளகிட்ட இருக்கறேன்” என்றார் சம்பந்தியம்மா.

“நீங்க போங்க. நான் இருக்கறேன்.”

“எனக்கு முட்டி வலிங்க.”

“எனக்கும் முட்டி வலிதாங்க.”

ஆம்பிளைகள் இரண்டு பேரும் மேலே போனார்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் கவிதா. ஆளுக்கு ஒரு பக்கம்.

கொஞ்ச நேரத்தில் கவிதா பாத்ரூம் போக வேண்டும் என்றாள். இரண்டு பேரும் எழுந்தோம்.

“அம்மா வரட்டும் அத்தை” என்றாள்.

தண்ணிக்கு அவர். பாத்ரூமுக்கு நான். பெரிய வெற்றி இல்லை. ஆனாலும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

வழியில் கேட்டது

கட்டடத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தைத் தாண்டி நடக்க வேண்டும். அங்கே வைத்துக் கேட்டேன்.

“நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிற?”

“எதுக்கும்மா?”

“பிரசவத்துக்கு.”

வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நம்ம வூட்டுக்கே வந்துடறேம்மா.”

எனக்கு நெஞ்சு லேசானது.

“அங்க பைபாஸ்ல ராத்திரி பூரா லாரி போவுது. கண்ண மூட முடியல. நம்ம வூட்டுலன்னா நாலு நாளாவது நல்லாத் தூங்குவேன்.”

எனக்காக இல்லை. தூக்கத்துக்காக. பரவாயில்லை.

“அப்ப உங்க அத்தைகிட்ட நீயே சொல்லிடு.”

“நான் எப்பிடிம்மா சொல்லுவேன்? அவங்க மொகம் வாடிப்போயிரும்.”

“என் மொகம் வாடினா பரவால்லயா?”

“ஒம் மொகம் எப்பவும் அப்பிடித்தானே இருக்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை வாய்க்குப் போனது.

என்னோடு இருக்கும்போது மட்டும்தான் இப்போது போகிறது அந்தக் கை.

உஸ்

நாங்கள் திரும்பி வந்தபோது பாய்லருக்குக் கடைசி விறகு போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கூட்டம் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. நாங்கள் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். ஒருவர் மணி அடித்தார். மைக்குக்காரப் பெண் சொன்னாள்.

“இப்ப ஆவி தொறக்கப் போறாங்க. சத்தம் வரும். யாரும் பயப்படாதீங்க.”

உஸ்ஸென்று வந்தது.

பிறகு இருமியது.

நான் நின்றுகொண்டிருந்தேன். பெஞ்சிலிருந்து எழுந்தது தெரியாது. பிளாஸ்க் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது. கயிறு வரைக்கும் போயிருந்தேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றார். சம்பந்தியம்மா. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தார். நீல மூடி ஒரு கையில். பாட்டில் ஒரு கையில்.

மேலே படியிலிருந்து மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

“ஏம்மா! அத்தை! என்ன ரெண்டு பேரும் வரிசையில நிக்கறீங்க?”

“கொடத்த எடுத்தாந்திருக்கலாமில்ல” என்றார் என் வீட்டுக்காரர்.

கூட்டம் சிரித்தது. கவிதாவும் சிரித்தாள்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஏரிக்குக் கீழே வாழ்ந்து பழகின உடம்பு அந்தச் சத்தத்துக்கு எழாது. தண்ணிதானே என்று சொல்கிற உடம்பு கயிற்றைத் தாண்டாது.

கல் தொட்டியடியில்

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. முதலில் முனகியது. அப்புறம் ஒரே சீராக ஓடியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே போனோம். தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான்.

முற்றத்தில் ஒரு கல் தொட்டி. தொடை மொத்தத்துக்குக் குழாய். அதிலிருந்து தண்ணீர் விழுந்தது. விழுந்து, நிரம்பி, வழிந்து, ஒரு வாய்க்கால் வழியாக ஓடியது. வாய்க்கால் எங்கே போகிறது என்று இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.

“அதே கெணத்துக்குத்தான் போவுதுங்க” என்றார் சம்பந்தியம்மா.

“வேடிக்கைக்கு ஏத்தறாங்க.”

“ஆமாங்க.”

எங்கள் பாட்டன் காலத்து இரும்பு. அதற்கு இவ்வளவு தண்ணீர் இருக்கிறது. எனக்கு அதன் மேலும் எரிச்சல் வந்தது.

சம்பந்தியம்மா பிறந்த ஊர் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரம் என்று எனக்குத் தெரியும். அந்த ஊருக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“ஊத்துத் தண்ணிங்க” என்றார். “பள்ளத்துல எறங்கித் தூக்கியாரணும். அப்பறம் கொழா போட்டாங்க. அதுவும் இப்பிடித்தான், உஸ்ஸுங்கும். பாதி நாளு வெறும் உஸ்ஸுதான்.”

பாட்டிலை மூடினார். திறந்தார்.

“சக்தி வயித்துல இருந்தப்ப என்னைய அம்மா வூட்டுக்கு அனுப்பலைங்க. எம் மாமியா, ‘அந்தக் காட்டுல தண்ணிக்கு எங்க போவ, இங்கயே கெட’ன்னுட்டாங்க. எங்கம்மா பாக்க வந்தாங்க. விருந்தாளியாட்டம் ஓரமா உக்காந்திருந்தாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலைங்க. எனக்குத் தல சீவி விட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க.”

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

“அப்ப எனக்கு ஆத்தரமாத்தான் இருந்துச்சு. அப்பறம் புள்ளையக் குளிப்பாட்டறப்ப நெனச்சேன், நல்லவேள, அம்மா இந்தப் பாடு படல. அதனாலதான் சொல்றேன் சம்பந்தி. நீங்களும் படவேணாமுங்க.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு எரிந்தது. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நான் கட்டி வைத்திருந்த நாலைந்து வரியும் மறந்து போயிருந்தது.

“நான் தல சீவி விட்டுட்டுப் போகமாட்டேங்க” என்றேன்.

அவ்வளவுதான் வந்தது.

அவர் குனிந்து பாட்டிலைத் தொட்டியில் முக்கினார். மைக்குக்காரப் பெண் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“அம்மா, அம்மா, அது குடிக்கற தண்ணி இல்லம்மா!”

“குடிக்க இல்ல கண்ணு. மொகம் கழுவ.”

முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு பாட்டிலை என்னிடம் நீட்டினார். நானும் கழுவினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. இரும்பு வாடை அடித்தது.

திரும்பும்போது

வேனில் ஏறும்போது சம்பந்தியம்மா கதவுக்கு வெளியே நின்று செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் செருப்பில் சேறு ஒன்றும் இல்லை.

நான் ஏறினேன். கவிதா பக்கத்தில் உட்கார்ந்தேன். மொரப்பூர் வருவதற்குள் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள். வழி பூராவும் நான் அசையவில்லை. கை மரத்துவிட்டது.

வளைகாப்பு முடிந்தது. சம்பந்தியம்மா தானே பை கட்டினார். எல்லார் முன்னாலும் கவிதாவின் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தார்.

“எம் மருமகளக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி.”

வந்திருந்த சனம் மெச்சியது. எப்பேர்ப்பட்ட மனசு, எந்த மாமியா இப்படி அனுப்புவா என்றார்கள். எங்கள் பக்கத்துச் சொந்தமே சொன்னது.

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. பேர் அவருக்குப் போனது.

வேன் கிளம்புகிற நேரத்தில் இரண்டு கேன் தண்ணீர் ஏற்றினார். மூடி கழன்று வழியாமல் இருக்க வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்.

“புள்ளைக்குக் குடிக்கறதுக்குங்க. தீந்தாச் சொல்லுங்க, சக்தி கொண்டாருவான்.”

சொல்லாமலே மாப்பிள்ளை கொண்டு வந்தார். மூன்று நாளைக்கு ஒரு முறை பைக்கில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கட்டிக்கொண்டு வருவார்.

கேன் கணக்கில் இல்லை

அந்தத் தண்ணீரைக் கவிதா குடித்தாள். தடுக்க முடியாது. குடித்தது போக மிஞ்சியதை நான் மாட்டுக்குக் காட்டினேன்.

மாடு இழுத்து இழுத்துக் குடித்தது. குடித்துவிட்டுக் கேனையும் நக்கியது. எங்கள் தண்ணீரை அது அப்படிக் குடித்ததே இல்லை. மாட்டின் மேலும் கோபம் வந்தது.

சமையலுக்கு, குளிக்க, துவைக்க எல்லாம் எங்கள் தண்ணீர்தான். குழாயில் காற்று வந்தால் முதல் ஆளாக நின்றேன். கவிதாவை வாசலுக்குக் கூட விடவில்லை. தினமும் காலையில் அவள் படுத்தபடியே கேட்பாள்.

“எத்தன கொடம்மா இருக்குது?”

“அஞ்சு” என்பேன். சில நாள் “மூணு” என்பேன். மூலையில் கேன் நிரம்பியே இருக்கும். கேன் கணக்கில் இல்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சம்பந்தியம்மாவும் நானும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். “பொண்ணோட அம்மா யாரு?” என்று கேட்டார். நான் எழுந்தேன். சம்பந்தியம்மா என் முந்தானையைச் சரி செய்துவிட்டார். வாங்கும்போது குழந்தை வழுக்கக் கூடாது என்று.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தோம். என் அம்மா எனக்கு ஊற்றிய மாதிரி வெந்நீர் ஊற்றினேன். பூண்டு வைத்துக் கொடுத்தேன். குழந்தை அழுதால் கவிதாவுக்கு முன்னால் எழுந்தேன். கவிதா நன்றாகத் தூங்கினாள்.

தீட்டுக் கழிக்கிற நாள் வந்தது. அன்றைக்கு வீடு பூராவும் கழுவ வேண்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்ற வேண்டும். சம்பந்தியம்மா வருவார். அவர் கூட ஒரு வண்டி சனம் வரும். சமைக்க வேண்டும். கை கால் கழுவக் கொடுக்க வேண்டும். என் வீட்டில் தண்ணீர் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

குழாயில் ஒரு வாரத்துக்கு மேலாகக் காற்றுக்கூட வரவில்லை. காதைத் தெருவிலேயே வைத்திருந்தேன். அன்று விடிந்தும் வரவில்லை. பக்கத்து வீடுகளிலும் குடம் கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் லாரித் தண்ணீர் கேட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் மிச்சமிருந்த குடங்களைப் பின் வாசலில் வரிசையாக வைத்தேன். நாலு.

மூலையில் கேன் இரண்டு இருந்தன. முந்தின நாள் மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போனது. துணி கட்டினபடியே இருந்தன. மாடு அதையே பார்த்துக்கொண்டு கத்தியது.

உள்ளே குழந்தை அழுதது.

முடிச்சை அவிழ்த்தேன். காலிக் குடத்தைக் கவிழ்த்துத் துடைத்து வைத்து ஊற்றினேன். ஒன்று நிரம்பியது. இன்னொன்று. அதற்கு மேலும் இருந்தது. மூன்றாவதும் நிரம்பியது. அவற்றையும் அதே வரிசையில் தூக்கி வைத்தேன்.

எல்லாம் எவர்சில்வர் குடம். எல்லாவற்றிலும் வெயில் ஒரே மாதிரி விழுந்தது. எது எங்கள் தண்ணீர், எது அவர்கள் தண்ணீர் என்று பார்த்தால் தெரியவில்லை. கடைசிக் குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பின்பக்கக் குழாயில் குடித்த அதே ருசி.

“எத்தன கொடம்மா இருக்குது?” என்று கவிதா உள்ளேயிருந்து கேட்டாள்.

வரிசையைப் பார்த்தேன். இந்தப் பக்கமிருந்து எண்ணிக்கொண்டு போனேன். நாலில் நின்றேன்.

பிறகு மீதியையும் எண்ணினேன்.

“ஏழு.”